லாரி அழகு, உள்ளே இரண்டே கம்பி

பொம்மை லாரிக்குள் கம்ப்யூட்டர் கட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். நான் படத்தைப் பார்த்து மயங்கி, முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு ஏமாந்தவன்.

என்னிடம் இருந்தது தகர டிப்பர் லாரி. சின்ன வயதில் நான் மண் அள்ளிய வண்டி. கம்ப்யூட்டரின் முக்கியப் போர்டான மதர்போர்டில் மினி ஐடிஎக்ஸ் என்று ஒரு சின்ன வகை, நாலு பக்கமும் 17 செ.மீ. தான். 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. அட்டையில் அதே அளவு வெட்டி வைத்துப் பார்த்தேன், தொட்டிக்குள் தாராளமாக உட்கார்ந்தது. ஆனால் தகரம் வெட்டும் வேலை எனக்குக் கைவராது. அதனால் இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் லாரியையும் மதர்போர்டையும் ஒப்படைத்தேன்.

பேசிக்கொண்டது இதுதான்: போர்டு தொட்டியில், மேலே கழற்றக்கூடிய மூடி. அடியில் ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்கிற ஒல்லியான வகைப் பவர் சப்ளை. 4 செ.மீ. உயரம்தான் என்பதால் சேஸிக்கு நடுவே அடங்கிவிடும். முன் கிரில் வழியே காற்று உள்ளே வரும். இடது ஹெட்லைட் பவர் விளக்கு. எல்லாவற்றுக்கும் ‘ஆகட்டும் சார்’ என்றார்.

அனுப்புவதற்கு முன் ஒரு வீடியோ வந்தது. லாரி ஜொலிக்கிறது, பக்கத்தில் மானிட்டரில் திரை ஓடுகிறது. பணத்தைக் கட்டிவிட்டேன். அதே வீடியோவைப் பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: மானிட்டர் கேபிள் லாரிப் பக்கமே போகவில்லை, மேசைக்குக் கீழே இறங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் பட்டனை அழுத்தினேன். ஓடியது, நாலே விநாடியில் அணைந்தது. கேட்டால், ‘சட்டென்று இரண்டு தடவை அழுத்துங்க சார், அதுதான் முறை’ என்கிறார். உண்மை என்னவென்றால், அவர் வைத்தது அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும் சுவிட்ச். கம்ப்யூட்டருக்கு வேண்டியது விரலை எடுத்ததும் தானே விடுபடும் சுவிட்ச். பட்டனை யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று போர்டு நினைத்துக்கொண்டு தன்னை அணைத்துவிடுகிறது. இதை முறை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

சுவிட்ச்தானே, மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் ஒரு நாள் வெறுங்காலோடு நின்று தொட்டியில் கை வைத்தேன். எறும்பு ஊர்வது போல ஒரு சுருசுருப்பு. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. மறுபடி ஃபோன். ‘தகர பாடி சார், அப்படித்தான் இருக்கும்.’

அப்படி இருக்கக் கூடாது. மூடியைத் திறக்கப் பார்த்தால் கழற்ற வழியே இல்லை, சுற்றிலும் பசை. பிளேடு வைத்து அறுத்துத்தான் திறந்தேன். பின்னால் மூன்று முனை சாக்கெட் இருக்கிறது, உள்ளே போவதோ இரண்டே கம்பி. எர்த் முனை மொட்டையாக நிற்கிறது. ஃப்ளெக்ஸ் பவர் சப்ளை இருக்க வேண்டிய இடத்தில், சீரியல் செட் போல ஒட்டும் எல்இடி பட்டைகளுக்குப் போடுகிற 12 வோல்ட் பெட்டி. அதிலிருந்து போர்டில் செருகும் ஒரு சின்ன மாற்றிக்கு வயர். 12 வோல்ட்டை இப்படி மாற்றிக் கொடுப்பதில் தவறில்லை, நல்ல அடாப்டரோடு பலர் செய்கிறார்கள்தான். ஆனால் பேசிக் காசு வாங்கியது ஒரு பொருளுக்கு, வைத்தது வேறு.

இந்த மாதிரி பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்கு அவை போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் மொத்த பாடியும் மின் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால்தான் சுருசுருப்போடு போயிற்று. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: மின்கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் கிடையாது. வெட்டிய தகர விளிம்பு வயர் தோலில் ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. தோல் முழுதாகக் கிழிந்திருந்தால் பாதி இல்லை, முழு மின்சாரமும் லாரி மேல். பொம்மை லாரி என்றால் முதலில் கை வைப்பது யார்? நினைக்கும்போதே வயிறு கலங்குகிறது.

மற்றவை சின்ன விஷயங்கள். கிரில் வெட்டப்படவே இல்லை, கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. விசிறி தகரத்தை முட்டிக்கொண்டு சுற்றியது. போர்டுக்கு நாலு திருகு வேண்டும், இரண்டுதான் இருந்தன. மீதி இரண்டு மூலையில் உருக்கி ஒட்டும் பசை, அதுவும் சூட்டில் இளகிப் போர்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘நீங்க பிரிச்சிட்டீங்க, இனி பொறுப்பில்லை’ என்று ஒரே வரி. அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

யாரிடம் கொடுத்தாலும், பசை போடுவதற்கு முன் உள்பக்கப் படம் கேளுங்கள். வந்ததும் பிளக்கைச் சுவரில் செருகாமல், மல்டிமீட்டரில் எர்த் முனைக்கும் வெறும் உலோகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். பெயிண்ட் மேல் வைத்தால் காட்டாது, ஒரு திருகின் தலையில் வையுங்கள். மீட்டர் சத்தம் போடவில்லையா, அன்றே திருப்பி அனுப்புங்கள். பாக்கிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.

என் லாரி இப்போது காலியாக அலமாரியில் நிற்கிறது, போர்டு பிழைத்துக்கொண்டது. அவரோ தன் வேலைக்கு மாதிரியாக என் லாரியின் படத்தைத்தான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார். முன்பக்கப் படம் மட்டும்.