கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சார்: ஒரு வருஷம் போட்டுப் பார்த்ததில்

எனக்கு 12 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. விரல் நுனியெல்லாம் குத்திக் குத்தி மரத்துப்போன பிறகு, போன வருஷம்தான் இந்தச் சென்சாருக்கு மாறினேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டம், மேல்கையின் பின்பக்கம் ஒட்டவேண்டும். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வலி கிடையாது. 14 நாள் வரும், குளிக்கலாம், போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் ரத்தச் சர்க்கரை எண்ணும், அது போகும் திசையைச் சொல்லும் அம்புக்குறியும் காட்டும்.

அந்த அம்புக்குறிக்காகவே வாங்கலாம். விரலில் குத்தினால் 95 என்று தெரியும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியாது. "இது கருப்பட்டி, சுகருக்கு ஒண்ணும் பண்ணாது" என்று அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் 118 போய் 180. போனை அத்தையிடமே காட்டினேன், ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஆவணியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருக்கும்போதே கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, போனை வைத்தால் 62, அம்பு நேரே கீழே. 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையாவது உடனே உள்ளே போகணும், 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்கணும். வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த கற்கண்டை ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். "ஏட்டி, சுகர வச்சிக்கிட்டு கல்கண்டா திங்கே?" சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நல்லதுக்குத்தான் தடுத்தார், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு மருந்தே அந்தக் கற்கண்டுதான். சென்சார் யார் கண்ணிலும் படக்கூடாது என்று முழங்கை வரை கை வைத்து அம்மா தைத்த ஜாக்கெட் வேறு.

மிட்டாய் தின்று வந்த நோய் இல்லை இது. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம் என்கிறார்கள், ஆனால் 1922இல் டொரண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் போட்டபோது அவன் பிழைத்தான், அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பதில்லை.

குறைகளும் உண்டு. விலை அதிகம், மாதம் இரண்டு வேணும். அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் இல்லாத இறக்கத்தைக் காட்டும். ரத்தத்தை நேராக அளக்காததால் சில நிமிஷம் பிந்தும், உடம்பு சொல்வதும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். கழற்றினால் திரும்ப ஒட்டவும் முடியாது. பெண் பார்க்க வந்த அன்று "இன்னைக்கு மட்டும் கழற்றிடும்மா" என்றார் அம்மா. மாட்டேன் என்றேன், அரைக்கை ஜாக்கெட்டோடுதான் காபி கொண்டுபோனேன்.

பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் பள்ளியில் முன்னாடியே பேசி வையுங்கள், பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். சென்சாரை மறைக்கிற மாதிரி மட்டும் சட்டை தைக்காதீர்கள்.