பழைய கொசுவலையும் வெளியே நின்ற பொறிவண்டும்: 4 வருட அனுபவம்

காற்றில் கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பன் கேட்டான்: "நாலு வருஷமா செடிக்குக் கொசுவலை போடுறியே, நானும் போடலாமா?" ஊசி விரலில் ஏறிய கடுப்பில், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதிலா என்று பிறகு யோசித்ததில் வந்ததுதான் இது.

அமைப்பு எல்லோரும் செய்வதுதான். அரை அங்குல பிவிசி குழாயை வில்லாக வளைத்து, பாத்தியின் இரு பக்கமும் நட்ட கம்பிகளில் செருகி, மேலே பழைய வலை. துணி மாட்டும் கிளிப்பை நம்பாதீர்கள், வெயிலில் நொறுங்கிவிடும். ஓரத்தை மண் போட்டு மூடுவதே மேல். பூச்சிமருந்து தோய்த்துத் தயாரித்த கொசுவலை என்றால் தோட்டத்துப் பக்கமே கொண்டுவர வேண்டாம், தேனீக்கு ஆகாது.

வலை எதற்காக வந்தது என்றால், கத்தரிக்காக. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு என்று வாரம் தவறாமல் செய்தேன். பயன் பாதிதான். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்குள் புகுந்துவிடும். அதன்பின் மேலே எதைத் தெளித்தாலும் அதற்கென்ன? நுனி வாடித் தொங்கும்போதுதான் நமக்கே தெரியும். வலை போட்ட முதல் பருவத்தில் வாடிய நுனிகள் மொத்தம் மூன்று. மூன்றுதான். தெளிப்பானை எங்கே வைத்தேன் என்றே மறந்துபோனது.

மழைக்கும் உதவும் என்று நான் நினைக்கவே இல்லை. பெரிய துளி வலையில் பட்டு உடைந்து தூவானமாகத்தான் உள்ளே இறங்குகிறது. மண் தெறித்து அடியிலைகளில் ஒட்டுவது குறைந்ததால் தக்காளியில் இலைக்கருகலும் குறைந்தது. காற்றுதான் எதிரி. வலை பாய்மரம்போல் உப்பி, ஒருமுறை குழாயோடு எழுந்து பக்கத்துப் பாத்தியில் போய் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் கடுப்பு? அசுவினி, அதாவது குருத்தில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் பச்சைப் பேன்.

கொசுவலையின் கண் ஏறக்குறைய 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர். அந்தத் துளைக்கும் புழுவின் தாயான கத்தரி அந்துப்பூச்சி நுழைய முடியாது. வெள்ளை ஈ தாராளமாக நுழையும், சின்ன அசுவினியும் நுழையும். அதைக் கறவைப் பசுபோல வளர்த்து அதன் இனிப்புக் கசிவைக் குடிக்கும் எறும்புக்கும் தடையில்லை. அசுவினிக்கு ஆண் துணைகூட வேண்டியதில்லை. உள்ளே போன ஒற்றைப் பெண் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், அந்தக் குட்டிகள் ஒரு வாரம் பத்து நாளில் தாங்களும் போட ஆரம்பிக்கும். இரண்டாம் வருடம் ஒருநாள் காலை பார்க்கிறேன், உள்ளே குருத்தெல்லாம் பச்சைப் பேன் மொய்த்துக் கிடக்கிறது, இலையில் பிசுபிசுப்பு. வலைக்கு வெளிப்புறம் ஒரு பொறிவண்டு. கண்ணுக்குக் கண் ஏறி இறங்கி வழி தேடுகிறது. அரை சென்டிமீட்டர் உடம்பு, எங்கே நுழையும்? தின்ன வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டுத் திருடனுக்குப் பந்தி போட்டிருக்கிறேன். காசு மிச்சம், நேரம் மிச்சம் என்று பெருமை பேசிய வாய் அன்றோடு மூடியது.

பொறிவண்டைப் பிடித்து உள்ளே விட்டுப் பார்த்தேன். அது அசுவினியை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே கூரைக்குப் போய் வெளியேற வழி தேடியது. பிறகு அதன் புழுக்களை இலையோடு கொண்டுவந்து விட்டேன். முதலைபோல நீண்ட, கறுப்பும் மஞ்சளுமான புழு. பொறிவண்டின் குஞ்சு என்று தெரியாமல் முன்பெல்லாம் நானே நசுக்கியிருக்கிறேன். இறக்கை இல்லாததால் அவை விட்ட இடத்திலேயே மேய்ந்தன. நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புழு தேடி அலைய முடியுமா?

வெள்ளை ஈயும் நுழையாத நெருக்கமான வலையையும் ஒரு கோடையில் போட்டேன். உள்ளே அனல் தேங்கி, தக்காளிப் பூ காம்போடு உதிர்ந்தது. கழற்றிவிட்டேன்.

அதனால் இப்போது காலையில் திறக்கிறேன், மாலையில் மூடுகிறேன். கத்தரி அந்து இரவில்தான் பறக்கும் என்பதால் இதற்கு இடமிருக்கிறது. பகலில் பொறிவண்டும் தேனீயும் வந்து போகும். முட்டைக்கோஸ் வகைக்கு இது சரிப்படாது, அதில் முட்டையிடும் வெள்ளைப் பட்டாம்பூச்சி பகலில்தான் வரும். பூசணியும் சுரையும் காய்க்கும் பாத்திக்கு நான் வலையே போடுவதில்லை. ஒன்றன் பூ விடியலில் விரியும், மற்றதன் பூ அந்தியில் விரியும், மகரந்தம் சேர்க்கும் பூச்சிக்காக எந்த நேரம் என்று திறப்பது? கத்தரியை மூட மறந்து தூங்கிய ஓர் இரவு போதும், பிறகு மூடினால் புழுவைத்தான் பத்திரமாக வைத்து மூடுகிறோம். போன பருவத்துக் கத்தரிப் பாத்தியிலேயே மறுபடி கத்தரி நட்டாலும் இதே கதைதான். சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழுவாக இருந்தது உள்ளேயே வெளிப்படும்.

நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது ஆட்டுக்குட்டி வளர்ப்பவன்போல விடிந்தால் அவிழ்த்துவிட்டு, பொழுது சாய்ந்தால் அடைக்கிறேன். வெளியூர் போனால் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. வெயில் தின்ற நைலான் இரண்டு வருடத்தில் காகிதமாகிவிடுகிறது, தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த கிழிசல்.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு 10க்கு 4. நண்பனுக்குச் சொன்ன பதிலை மாற்றப் போவதில்லை. தையல் இன்னும் ஒரு முழம் பாக்கி. இருட்டுவதற்குள் முடித்து மூட வேண்டும், பிஞ்சு விட்டிருக்கிறது.