நெல்லுக்குப் பின் உளுந்து: ஆறு ஆண்டு அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் களிமண் வயல். முன்பெல்லாம் குறுவை, தாளடி என இரண்டு போகம் நெல் முடிந்ததும் தரிசாகப் போட்டுவிடுவோம். 2020 தை மாதம் முதல் உளுந்து தெளிக்கிறேன்.

தெளிக்கும் நாள்தான் எல்லாம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் தடம் பதியலாம், தண்ணீர் கசியக் கூடாது. நிற்கும் கதிருக்குள்ளேயே ஏக்கருக்குப் பத்து கிலோ விதையை வீசிவிடுவேன். உழவு இல்லை, பாசனம் இல்லை. மிச்ச ஈரமும் மாசிப் பனியும் போதும். முதல் இரண்டு ஆண்டுகள் டயர் வைத்த அறுவடை வண்டி விட்டு நெல்லை அறுத்ததில் சக்கரத் தடமெங்கும் முளை நசுங்கியது. வாடகை கூடினாலும் இப்போது பெல்ட் வண்டிதான்.

2024-இல் ஏக்கருக்கு 240 கிலோ கண்டது. அந்தப் பருவத்துக்கு அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,950 ரூபாய். களத்துக்கு வந்த வியாபாரி அதற்கு மேலேயே கொடுத்தார். விதை, பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும் தெளித்த 2 சதவீத டிஏபி உரக் கரைசல், ஆள் கூலி எல்லாம் போக ஏக்கருக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் நின்றது. ஆண்டுதோறும் இப்படி இல்லை. 2021-இல் மஞ்சள் தேமல் நோய் பாதி வயலைத் தின்றது. அதன்பின் அந்நோயைத் தாங்கும் வம்பன் ரகத்துக்கு மாறினேன். 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழையில் முளை அழுகியது. அப்போதும் போனது விதைச் செலவு மட்டுமே.

மண் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் வழக்கப்படி செடியை வேரோடு பிடுங்கிவந்தேன். தழைச்சத்தைச் சேர்க்கும் வேர் முடிச்சுகளும் அதோடு களத்துக்குப் போய்விடுகின்றன! மூன்று ஆண்டுகளாக அரிவாளால் அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுகிறேன். கூலி கொஞ்சம் கூடுகிறது. ஆனால் குறுவைக்கு யூரியாவை ஏக்கருக்கு அரை மூட்டை குறைத்தும் பயிர் வெளிறவில்லை.

இருந்தாலும் இரண்டு போகம் நெல்லுக்குத் தண்ணீர் தேக்கும் வயலில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறத்தான் செய்கிறது. உளுந்து அதை ஈடுகட்டாது. 2024-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். ஒரு ஏக்கரில் குறுவையைக் கைவிட்டு, மழை ஈரத்தில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது சம்பா நட்டேன். அந்த மண்ணின் பொலபொலப்பு மற்ற இரண்டு ஏக்கரில் இன்னும் வரவில்லை. சொந்த நிலம் இருப்பதால் ஒரு போக வருமானத்தை இழக்க என்னால் முடிந்தது. குத்தகை நெல் அளக்க வேண்டிய என் பக்கத்து வயல்காரருக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.