200ஆம் எண் சேனலில் ஆறாம் வகுப்பு: ஊரடங்கில் கல்வித் தொலைக்காட்சி எப்படி?

ஏற்கெனவே படித்த பள்ளியிலேயே அடுத்த வகுப்புக்குப் போன பிள்ளைக்குத் தமிழக அரசின் பாடச் சேனலான கல்வித் தொலைக்காட்சி 5க்கு 4 மதிப்பெண். ஐந்தாவதோடு தொடக்கப் பள்ளியை விட்டு, 2020இல் வேறு பள்ளியில் ஆறாவது சேர்ந்த பிள்ளைக்கு 5க்கு இரண்டரைதான். பாடமும் நடத்துபவரும் ஒன்றே. முதல் பிள்ளைக்குப் புரியாததைக் கேட்க, பழகிய ஆசிரியர் ஒருவரின் போன் நம்பர் வீட்டில் இருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு அது இல்லை.

சேனல் கொரோனாவுக்காகப் பிறந்ததல்ல. 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கிவிட்டது. படப்பிடிப்புத் தளம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக வளாகத்தில். அதனால் பள்ளிகளைப் பூட்டியபோது கேமராவும் ஆளும் தயாராக இருந்தன. அரசு கேபிள் வீடுகளில் 200ஐத் தட்டினால் போதும், நெட் செலவு கிடையாது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு அன்று இதைவிட மலிவான வகுப்பறை இல்லை. டிடிஎச் வீடுகளில் எண் வேறு. நிறுவனத்துக்கு நிறுவனம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிக்கல் நாள்காட்டியில் இருந்தது. ஒளிபரப்பில் பாடங்கள் ஜூலையிலேயே தொடங்கின. அரசுப் பள்ளிகளில் 1, 6, 9ஆம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியதோ ஆகஸ்ட் 17. பள்ளி மாறும் பிள்ளைக்குப் புத்தகம் சேர்க்கையின்போதுதான் கைக்கு வரும். ஆக, புத்தகம் இல்லாத பிள்ளையிடம் டிவி ஒரு மாதமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. “பயிற்சி வினாவைப் பாருங்கள்” என்று திரையில் சொன்னால் எதைப் பார்ப்பது? பாடநூல் பிடிஎஃப் இணையத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் கேபிள் டிவியை மட்டும் நம்பியிருந்த வீட்டுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

விட்டுப்போன பாடங்களை யூடியூபில் பிடிக்கலாம். ஆறாம் வகுப்பில் அங்கே ஒரு பொறி இருக்கிறது. புத்தகம் மூன்று பருவமாகப் பிரிந்தது. ஒவ்வொரு பருவத்திலும் இயல் எண் 1இலிருந்தே தொடங்கும். கணக்கில் முதல் பருவத்தின் இயல் 1 ‘எண்கள்’, இரண்டாம் பருவத்தின் இயல் 1உம் ‘எண்கள்’, மூன்றாம் பருவத்தில் ‘பின்னங்கள்’. “ஆறாம் வகுப்பு கணக்கு இயல் 1” என்று தேடினால் மூன்றில் எது வேண்டுமானாலும் வரலாம். அதே பள்ளியில் தொடர்ந்த பிள்ளைகள் அங்கே படிக்கும் அண்ணன் அக்காவைக் கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். தேடும்போது பருவ எண்ணையும் சேர்த்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

டேட்டா கணக்கையும் சொல்லிவிடலாம். அரை மணி நேர வீடியோவை 360பி தரத்தில் பார்த்தால் சுமாராக 150 முதல் 200 எம்பி போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் ஏழு முதல் பத்துப் பாடம் தாங்கும், வீட்டில் வேறு யாரும் அதே நெட்டில் சினிமா பார்க்காதவரை. மிச்சம் பிடிக்கிறேன் என்று 144பிக்கு இறங்கினால் தமிழ்ப் பாடம் ஓடிவிடும், கணக்கு ஓடாது: பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒட்டிக்கொண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

இதைவிட நன்றாக வேலை செய்தது புத்தகத்தில் அச்சிட்ட கியூஆர் கோடுதான். தீக்‌ஷா என்ற அரசுக் கல்வி ஆப்பை இறக்கி, மாநிலப் பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்பு மூன்றையும் தேர்ந்தெடுத்து, பாடத்தின் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய போன் கேமரா ஃபோகஸ் ஆகாமல் அடம்பிடிக்கும். அப்போது கோடுக்குக் கீழே உள்ள 6 எழுத்துக் குறியைக் கையால் தட்டினாலும் அதே பாடம் திறக்கும். இது பலருக்குத் தெரியாமலே இரண்டு வருடம் ஓடியது. நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கிவைத்துக்கொண்டு வீட்டில் நெட் இல்லாமலும் பார்க்கலாம்.

தனியார் ஆங்கில வழியிலிருந்து அரசுப் பள்ளித் தமிழ் வழிக்கு வந்த பிள்ளைகளின் பாடு தனி. எச்சிஎஃப் என்று படித்தவனிடம் டிவியில் ‘மீப்பெரு பொதுக் காரணி’ என்றால், கணக்குத் தெரிந்தும் கணக்குப் புரியாது. வகுப்பறையில் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவார்; திரைக்கு முகம் தெரியாது. சேனல் இதற்கென்று ஓர் அறிமுக வாரம் வைத்திருக்கலாம். கைவைத்தியம் ஒன்று உண்டு: இரண்டு வழிப் புத்தகங்களுக்கும் பாட வரிசை ஒன்றுதான். இரண்டு பிடிஎஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாடத்துக்குப் பத்துச் சொல் வீதம் நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

டிவி பார்க்கும்போது திரையில் வருவதையெல்லாம் நகலெடுக்கக் கூடாது. பலகை மாறிவிடும், பாதி வரியோடு பிள்ளை சோர்ந்துவிடும். தேதி, பாடத் தலைப்பு, புரியாத இரண்டு இடம், இவ்வளவு எழுதினால் போதும். அந்த இரண்டு சந்தேகத்தைக் கேட்கத்தான் ஆள் வேண்டும். புதுப் பள்ளியின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேராத பிள்ளைக்கு இந்தச் சேவை பாதிதான். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் ஒன்றாம் வகுப்பில் கொடுத்த பழைய சிம் நம்பர் இருந்தால் பள்ளியிலிருந்து வரும் அழைப்பு யாருக்கோ போகும். சேர்க்கை அன்றே நம்பரை மாற்றச் சொல்லி, வகுப்பாசிரியரின் எண்ணையும் வாங்கிவிட வேண்டும். ஆறாவதும் ஒன்பதாவதும் படிக்கும் இரண்டு பிள்ளை, ஒரு டிவி, ஒரு பாட்டி உள்ள வீட்டில் நேர அட்டவணை எழுதி ஒட்டுவதும் நல்லது. சீரியல் நேரத்தில் பாட்டியை யாரும் வென்றதில்லை.

9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்று பள்ளி திறந்தது, மார்ச் 22இல் மறுபடி மூடியது. ஆறாவதில் சேர்ந்தவர்களுக்கு அதுகூட இல்லை. 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது அவர்கள் ஏழாவது. ஆறாம் வகுப்பு முழுக்கத் திரையோடு முடிந்தது. அந்த இடைவெளியில் பாடத் தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் அந்த இரண்டரை.

வீடியோக்களை இப்போதும் திருப்புதலுக்குப் பார்க்கலாம். பக்க எண்ணை நம்ப வேண்டாம், மறுபதிப்பில் மாறியிருக்கலாம்; பாடத் தலைப்பை வைத்துத் தேடுங்கள்.