மார்த்தாண்டத்தில் சி.பி.சி. பரிசோதனை: ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தைப் பற்றிய மதிப்பீடு

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றை மதிப்பிடும்போது கட்டணத்தையும் முடிவு வரும் வேகத்தையும் பின்னுக்கு வைத்துவிட்டு, கருவி சொன்ன எண் நோயாளியின் உடல்நிலைக்குப் பொருந்தாத நேரத்தில் அங்கே யாராவது நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வகையில், என் தாயாருக்கு முழு ரத்த அணு எண்ணிக்கை, அதாவது எல்லோரும் சி.பி.சி. என்று சொல்லும் பரிசோதனையைச் செய்துகொண்ட மார்த்தாண்டம் நிலையத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

அங்கே போக நேர்ந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். மழை தொடங்கி, ரப்பர் தோட்டங்களில் பால் எடுக்கும் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும் மாதங்களில், குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் காய்ச்சல் என்றாலே டெங்குவாக இருக்குமோ என்ற அச்சம்தான் முதலில் எழும். அறுபதைத் தாண்டிய என் தாயாருக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்ததால், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வேறொரு நிலையத்தை அழைத்தோம். மாலையில் வாட்ஸ்அப்பில் வந்த அறிக்கையில் பிளேட்லெட் 62,000 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ரத்தம் உறைய உதவும், டெங்குவில் குறைந்துவிடும் அணு அது; ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டும். விளக்கமாக ஒரு வரிகூட இல்லை. அழைத்துக் கேட்டபோது, மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதோடு பேச்சு முடிந்தது. அன்றிரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. உறவினர் ஒருவர் பப்பாளி இலைகளைக் கொண்டுவந்து அரைக்கவே தொடங்கிவிட்டார்.

மறுநாள் மருத்துவர் தாயாரிடம், "உடம்பில் எங்கேயாவது சிவப்புப் புள்ளி இருக்கா அம்மா? பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, காய்ச்சலும் இறங்கியிருந்தது. நோய்க்குறியியல் மருத்துவர் நேரில் வந்து ஸ்லைடு பார்க்கும் இடத்தில் மறுபடி எடுத்துவரும்படி எழுதிக்கொடுத்தார். அப்படித்தான் மார்த்தாண்டத்துக்குப் போனோம்.

ரத்தம் எடுத்த பெண் ஊழியர் செய்த சிறிய வேலைகளே என் மதிப்பைப் பெற்றன. ஊதா மூடியிட்ட குழாயில் குறியிட்ட அளவு வரை ரத்தத்தை நிரப்பியதும், அதைக் குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். அந்தக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற உறைதல் தடுப்பு மருந்து ரத்தம் முழுவதும் கலக்காவிட்டால் நுண்ணிய உறைகட்டிகள் உண்டாகி, பிளேட்லெட்டுகள் அவற்றில் சிக்கி எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும். பெயரையும் நேரத்தையும் எங்கள் கண்முன்னாலேயே குழாயில் எழுதி ஒட்டினார். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால், காலை உணவு சாப்பிட்டே வந்திருக்கலாமே என்று தாயாரிடம் பரிவோடு சொன்னார்.

அங்கும் கருவி குறைந்த எண்ணையே காட்டியது. இந்த நிலையத்தின் தரம் தெரிந்தது அதற்குப் பிறகுதான். எண்ணை அப்படியே அச்சிட்டுத் தராமல், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமிட்டு, மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தார். பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற கொள்கைப்படி, இத்தகைய கருவிகள் ஒவ்வோர் அணுவும் நுண்துளை ஒன்றைக் கடக்கும்போது ஏற்படும் மின்தடை மாற்றத்தைக் கொண்டு அதை எண்ணி, அளவைக் கொண்டு வகை பிரிக்கின்றன. ஒட்டிக்கொண்ட பிளேட்லெட் கொத்தோ பெரியதாக இருப்பதால் பிளேட்லெட் கணக்கிலேயே சேராது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, உடலில் எந்தக் கோளாறும் இல்லாமல், இ.டி.டி.ஏ. பட்டவுடன் குழாய்க்குள் மட்டும் இப்படி நேர்கிறது. கூடுதல் கட்டணம் கேட்காமல், சிட்ரேட் என்ற வேறொரு உறைதல் தடுப்புப் பொருள் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கருவி 1,80,000 காட்டியது. குழாயிலுள்ள திரவம் ரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வதால் அதை 1.1-ஆல் பெருக்கி, 1,98,000 என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். இனி எங்கே ரத்தம் கொடுத்தாலும் இதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்று அறிக்கையிலேயே குறிப்பும் எழுதியிருந்தார்கள்.

பொய்யான சிவப்பு எண் எங்கள் கவனம் முழுவதையும் பிடித்துக்கொண்டதால், உண்மையான குறையை யாரும் பார்க்கவில்லை. ஹீமோகுளோபின் 9.9 கிராம், கருவுறாத பெண்களுக்கு அது 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி., 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது, 71 மட்டுமே இருந்தது. இரும்புச் சத்துக் குறைவிலும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைத் தாங்கியிருப்போரிடத்திலும் அணுக்கள் இப்படிச் சிறுத்துப்போகும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுத்து வரும் விடை 13-க்கு மேல் இருந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாயலாம் என்பது ஒரு முதற்கட்டக் கணக்கு; தாயாரின் 71-ஐ அவருடைய சிவப்பணு எண்ணிக்கையான 4.3-ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. நோய்க்குறியியல் மருத்துவர், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கும்படி அறிக்கையில் அறிவுறுத்தியிருந்தார். மாதவிடாய் நின்றுவிட்ட வயதில் இரும்பு குறைந்தால் குடல்வழி ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும் என்பதால், எங்கள் மருத்துவரும் அந்த வரியைத்தான் முதலில் படித்தார். முதல் அறிக்கையிலும் இந்த எண்கள் ஏறக்குறைய இப்படியேதான் இருந்தன; எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

வெள்ளையணுக்களைப் பற்றி ஒன்று மட்டும். அவற்றின் வகைகளைச் சதவீதமாக மட்டும் தராமல், உண்மையான எண்ணிக்கையாகவும் இங்கே தருகிறார்கள். ஈசினோபில் என்ற வகையை எடுத்துக்கொண்டால், மொத்த வெள்ளையணுக்கள் 4,000 உள்ளவரின் 8 சதவீதமும் 11,000 உள்ளவரின் 8 சதவீதமும் ஒன்றல்ல என்பதால் இது மிகவும் பயனுள்ளது.

குறைகளுக்கு வருகிறேன். நிலையம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. காய்ச்சலோடு வரும் முதியவர்களை அந்தப் படிகளில் ஏற்றுவது கொடுமை. கீழே ஒரு நாற்காலி போட்டு அங்கேயே ரத்தம் எடுக்கலாம். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவரின் குறிப்பையாவது தமிழில் தந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும். மருத்துவர் பிற்பகலில்தான் வருகிறார் என்பதால், காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மாலையில்தான் முடிவு கிடைக்கும். இந்தக் காத்திருப்பை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கட்டணம் 350 ரூபாய், வீட்டுக்கு வந்து எடுத்தவர்கள் வாங்கியதைவிடச் சற்று அதிகம். அரசு மருத்துவமனைகளில் இதே பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த நிலையத்துக்குச் செல்பவர்கள் பழைய அறிக்கைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; முந்தைய எண்களைப் புதிய அறிக்கையில் பக்கத்துப் பத்தியில் அச்சிட்டுத் தருகிறார்கள், கேட்டால் மட்டும்.