எட்டிமோட்டிக் இஆர்2எஸ்இ இயர்போன்: கேட்டு எழுதுகிறவளின் இரண்டு வருட அனுபவம்

"விடியுமுன்ன வாருவோம்" என்று ஒலிப்பதிவில் அந்த அம்மா சொன்னதை "விடியுமுன்ன வருவோம்" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஆனால் உப்பளத்தில் வாருவது என்றால் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்துக் கரையில் சேர்ப்பது. இடுப்பை முறிக்கிற வேலை. தூத்துக்குடி அளங்களில் பெண்களின் வேலை நேரத்தைப் பற்றிய ஆய்வு அது. வேலை எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கான பதிலையே நான் மாற்றி எழுதியிருந்தேன். நேர்காணல் எடுத்த பெண் படித்துப் பார்த்துத் திருத்தினாள். "அக்கா, அவங்க இருட்டோட வந்து நிக்கல, இருட்டுலயே வேலையை ஆரம்பிச்சிடுறாங்க" என்று அவள் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று.

அப்போது என் காதில் இருந்தது மலிவான இயர்போன் அல்ல. பாட்டுக்கு அருமையாக இருக்கும் என்று எல்லோரும் சொன்ன, பேஸ் தூக்கலான ஒன்று. அளத்தில் எடுத்த பதிவு முழுக்கக் கடற்காற்று மைக்கில் மோதுகிற உறுமல். பேஸ் என்கிற தாழ்ந்த சுருதி ஒலிகள் பலமாக இருந்தால் அவற்றுக்கு மேலே உள்ள ஒலிகளை அமுக்கிவிடும். நம் காதின் அமைப்பே அப்படி. பேஸைக் கூட்டிக் கொடுக்கிற இயர்போன் காற்றையும் சேர்த்தே கூட்டுகிறது. அதற்கு அடியில் போய்விட்டது அந்த அம்மாவின் குரல்.

நேர்காணல்களைக் கேட்டு எழுதிக் கொடுப்பதும் வசன வரிகளுக்கு நேரக்குறி வைப்பதும்தான் என் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் காதில் ஏதாவது இருக்கும். மாதத்தில் இரண்டு முறையாவது நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருவேன், மேல் பெர்த்தில் மடிக்கணினியோடு. வேலைக்கும் பயணத்துக்கும் ஒரே பொருள் வேண்டும் என்று தேடியவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன். பாட்டு கேட்க மட்டும் வாங்குகிறவர்களுக்கு என் கணக்கு ஒத்துவராமல் போகலாம்.

முதலில் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். ஒரு கடையில் இருந்த தம்பி ஐந்தாறு டப்பாக்களை எடுத்துப் போட்டு, "அக்கா, இதுல பேஸ் செமயா இருக்கும், நெஞ்சுல அடிக்கும்" என்றான். எனக்குப் பேச்சு கேட்கணும் தம்பி, பாட்டு வேண்டாம் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, "அப்ப நீங்க முதல்ல ரப்பரைப் பாருங்கக்கா, காதுல சரியா உக்காரலேன்னா இருபதாயிரத்துக்கு வாங்கினாலும் வேஸ்ட்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவனுக்கு நன்றி சொல்கிறேன். இயர்போன் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் டப்பாவில் ஏற்கெனவே மாட்டியிருக்கிற நடுத்தர அளவு ரப்பரோடே காலத்தை ஓட்டிவிடுகிறோம். காதும் ரப்பரும் இடைவெளி இல்லாமல் ஒட்டாவிட்டால் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும், வெளிச் சத்தம் உள்ளே வந்துவிடும். பேஸ் குறைகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டுவோம். எனக்கு இடது காதுக்கு ஓர் அளவு, வலது காதுக்கு வேறு அளவு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் சொந்தத் தம்பியின் நாய்ஸ் கேன்சலேஷன் இயர்பட்ஸையும் கடன் வாங்கிப் பார்த்தேன். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் சின்ன ப்ரொப்பெல்லர் விமானத்தில் அதைப் போட்டதும் இறக்கையின் ரீங்காரம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கியது. 1978-இல் ஒரு விமானப் பயணத்தின்போதுதான் அமர் போஸ் இந்த யோசனைக்கான கணக்கைப் போட ஆரம்பித்தார் என்பார்கள். வங்காளத்திலிருந்து போன ஒருவரின் மகன் அவர். வருகிற சத்தத்தை மைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அழிப்பதுதான் உத்தி. இன்ஜின், ஏசி, சக்கரம் என்று ஒரே சீராக ஓடுகிற தாழ்ந்த ஒலிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் திடீர் திடீரென்று வருகிற உயர்ந்த ஒலிகளுக்கு அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. ரயிலில் எனக்குத் தொந்தரவு சக்கரச் சத்தம் அல்ல. எதிர் பெர்த்துக் குழந்தையும், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் மாமாவும், "காபி காபி காபி"யும்தான்.

ப்ளூடூத்தில் வேலைக்கு ஒத்துவராத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எந்தக் கம்பெனி என்றாலும் ஏறத்தாழ இதே கதைதான். ஒன்று தாமதம். சாதாரண இணைப்பில் ஒலி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வருவது சகஜம். படம் பார்க்கும்போது செயலியே அதைச் சரிக்கட்டிவிடும். நான் ஒலி அலையைப் பார்த்து நேரக்குறி வைக்கும்போது, கை ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். இரண்டாவது, மடிக்கணினியில் கூட்டத்துக்காக இயர்பட்ஸின் மைக்கைத் திறந்தவுடனே கேட்கிற ஒலியின் தரமும் விழுந்துவிடும். ப்ளூடூத் தொலைபேசி முறைக்கு மாறிக்கொள்வதுதான் காரணம். பழைய கருவிகளில் ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து (சாம்பிள்) அனுப்பும், கொஞ்சம் புதியவற்றில் 16,000 முறை. பாட்டாக இருந்தது பழைய தந்தி ஆபீஸ் போன்போல ஆகிவிடும். எல்ஈ ஆடியோ என்ற புது முறை இதைத் தீர்க்க வந்ததுதான், ஆனால் இரண்டு பக்கமும் அது இருந்தாக வேண்டும். என் மடிக்கணினியில் இல்லை.

ஆகவே ஒயர். எட்டிமோட்டிக் என்பது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த கம்பெனி. காது கேட்டல் துறையில் ஆராய்ச்சி செய்த மீட் கில்லியன் 1983-இல் தொடங்கியது. 1991-இல் இவர்கள் கொண்டுவந்த இஆர்4 இன்றுவரை பேர் பெற்றது. நான் வாங்கியது அதன் தம்பி, இஆர்2எஸ்இ. 2019-இல் வந்தது. இதே குடும்பத்தில் பேஸ் கொஞ்சம் கூட்டிய இஆர்2எக்ஸ்ஆர் என்று ஒன்றும் உண்டு. பாட்டுக்கு அதைத்தான் பலர் சொல்வார்கள். என் வேலைக்கு எஸ்இ.

முதல் நாள் பயந்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். மூன்றடுக்குக் குடைபோன்ற ரப்பர். மற்ற இயர்போன்கள் காதின் வாசலில் நிற்கும். இது வீட்டுக்குள் வந்து உட்காரும். ரப்பரை லேசாக ஈரப்படுத்தி, இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மெதுவாகத் திருகிக்கொண்டே உள்ளே விட வேண்டும். கழற்றும்போதும் அவசரம் கூடாது, காற்றழுத்தம் செவிப்பறையை இழுக்கும். மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நான்கைந்து நாள் காது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. பழகாதவர்களுக்கு ஃபோம் முனையும் டப்பாவிலேயே இருக்கிறது, அது மென்மை. காதில் வலியோ சீழோ இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது, முதலில் காது டாக்டர்.

சரியாக உட்கார்ந்தால் 35 முதல் 42 டெசிபல் வரை வெளிச் சத்தம் குறையும் என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. பேட்டரி இல்லை, மைக் இல்லை, வெறும் அடைப்புதான். நெல்லை எக்ஸ்பிரஸில் முதன்முறை போட்டபோது, காபிக்காரர் என் பெர்த்தின் கீழேயே நின்று கூவுகிறார், அவர் வாய் அசைவதுதான் எனக்குத் தெரிகிறது.

எனக்கு இதில் பெரிய லாபம் அமைதிகூட இல்லை, சத்தத்தை எவ்வளவு குறைக்க முடிகிறது என்பதுதான். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90-க்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். நான் கேட்பது 36 மணி நேரம். ரயில் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்று பழைய இயர்போனில் எத்தனை வருடம் கூட்டி வைத்திருந்தேனோ, நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது மடிக்கணினியில் முன்பு வைத்த அளவில் பாதிக்குக் கீழேதான் வைக்கிறேன். என் காது போனால் என் தொழில் போயிற்று.

குரல் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பேஸ் இருக்கிறது, ஆனால் அளவோடு. மத்தளத்தின் இடந்தலை தெரியும், நெஞ்சில் அடிக்காது. பேச்சில் ளகர லகரம், றகர ரகரம், வாய்க்குள் மூச்சை இழுக்கிற சின்னச் சத்தம் எல்லாம் தனித்தனியாக வந்து நிற்கின்றன. வாங்கி வந்த வாரத்திலேயே அந்த உப்பளப் பதிவை எடுத்து மறுபடி கேட்டேன். "வாருவோம்." நெடில் அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் சரிசெய்து விட்டுவிட மனம் வரவில்லை. பதினோரு நேர்காணல்களையும் முதலிலிருந்து கேட்டேன், கூலி கேட்காமல். இன்னும் ஏழு இடம் தப்பாக இருந்தது.

இந்த வகையில் சில சங்கடங்கள் கூடவே வரும். ஆழமாக உள்ளே போகிற எந்த ஒயர் இயர்போனிலும் ஒயர் சட்டையில் உரசினால் காதுக்குள் 'டொக் டொக்' என்று கேட்கும், நடந்தால் காலடிச் சத்தமும். உட்கார்ந்து வேலை செய்யும்போது பிரச்சினை இல்லை. நடக்கும்போது ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிக் கிளிப்பைத் துப்பட்டாவில் குத்திவிடுவேன். ஒயரில் மைக் கிடையாது, அதனால் கூட்டங்களுக்கு மடிக்கணினி மைக்தான். போனில் இயர்போன் செருகுகிற ஓட்டை இல்லாதவர்களுக்கு டைப்-சி மாற்றி தேவை. அதில் கவனம்: உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றுவது) இல்லாத மாற்றிகள் சில போன்களில் மட்டும்தான் பாடும். நான் நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிய முதல் மாற்றி என் போனில் மூச்சே விடவில்லை. "டிஏசி உள்ளதா" என்று கேட்டே வாங்குங்கள்.

சாலையில் நடக்கும்போது இதைப் போடவே கூடாது. பஸ் ஹாரனே கேட்காது. ரயிலிலும் செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு காதைக் கழற்றிவிடுவேன், தாம்பரத்தில் இறங்க வேண்டியவள் நான்.

பராமரிப்புக்கு அதிகம் வேண்டாம். வாரம் ஒருமுறை ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் போடுகிறேன். குழல் நுனியில் ஒரு குட்டி வடிகட்டி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சத்தம் மங்கினால் உடனே ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம், காது அழுக்கு அதில் அடைத்திருக்கும். டப்பாவில் மாற்று வடிகட்டியும் அதை எடுக்கிற கருவியும் வரும். இரண்டு வருடத்தில் நான் இரண்டு முறை மாற்றினேன். ரப்பர் நாளாக நாளாக விறைத்துப் போகும், அதனால் வாங்கும்போதே ஒரு செட் ரப்பர் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது கிடைக்காமல் மூன்று வாரம் காத்திருந்தேன், அந்த மூன்று வாரமும் ரயிலில் வேலை செய்யவில்லை.