12 மணி நேர ஷிப்ட் முடிச்சு ஏஓ3 படிக்கலாமா? ஒரு பேக்டரிக்காரியோட ரிவியூ

ஏஓ3 பத்தி ரிவியூ போடறவங்க பாதிப் பேரு காலேஜ் பிள்ளைங்க, லீவுல விடிய விடிய படிச்சிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கறவங்க. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல சிப் பேக்டரி, 12 மணி நேர ஷிப்ட், தூசி புகாத கிளீன்ரூம்ல தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு மெஷின் முன்னாடி நின்னுட்டு காலைல வெளிய வரப்ப மூளை அவிச்ச மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஆயிடும். அதனால இந்த ரிவியூ ஒரே ஒரு கேள்விக்குத்தான்: அலுத்துப் போய் வர்ற ஆளுக்கு இது ஒத்து வருமா வராதா.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன், அதத்தான் ஏஓ3ன்னு சொல்றோம். படம், நாவல், அனிமே, கேம், பாட்டுக் குழு, எதுல வர்ற ஆளுங்களையும் வெச்சு ரசிகருங்க எழுதற ஃபேன் ஃபிக்‌ஷன் கதைங்கள சேத்து வெச்சிருக்கற தளம். 2009 நவம்பர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு நடத்துது, வேலை செய்யறது வாலண்டியருங்க, செலவு ஓடறது நன்கொடைல. 2019ல ஹியூகோ விருது கூட குடுத்தாங்க, அறிவியல் புனைகதை பக்கம் அது பெரிய விருது. எனக்கு விருதெல்லாம் ரெண்டாவது, விளம்பரம் கிடையாது பாருங்க, அதான் மொத விஷயம். பாப்அப் வராது, தானா வீடியோ ஓடாது, "அடுத்த பாகத்துக்கு காயின் வாங்குங்க"ன்னு கேக்காது. காலைல 7 மணிக்கு கண்ணு எரியுதுன்னு ஃபோன பாதி மூடின கண்ணால பாக்கறவளுக்கு அது எவ்வளவு பெரிய புண்ணியம்னு பகல் வேலைக்காரங்களுக்குப் புரியாது.

அலுப்புக்கு பாட்டு போதாதான்னு கேப்பீங்க. போதும், ஓரளவுக்கு. பேக்டரி பஸ் ஓட்டற அபாங் (மலாய்க்கார அண்ணன்) சினார் எஃப்எம்னு மலாய் ரேடியோவ போட்டு விட்டுடுவாரு, நான் இயர்ஃபோன மாட்டிக்கிட்டு ராஜா பாட்டுக்குள்ள போயிடுவேன், ஆனா பாட்டு மனச மட்டும்தான் பிடிக்கும், மூளை அது பாட்டுக்கு அந்த மெஷின் அலாரத்துக்கே திரும்பிப் போயி அந்த சிப் லாட்ட யாரு நிறுத்தி வெச்சா, ரிப்போர்ட்ல என்ன எழுதினேன்னு சுத்திக்கிட்டே இருக்கும். படமோ வேற கதை. தமிழ்ப்படம் ரெண்டரை மணி நேரம் குறையாது, மொத அரை மணி நேரத்துலயே அண்ணன் யாரு வில்லன் யாரு பிளாஷ்பேக் எந்த வருஷம்னு எல்லாத்தையும் ஞாபகம் வெக்கணும், நைட் ஷிப்ட் வாரத்துல அதுக்கெல்லாம் எங்க தெம்பு. தியேட்டருக்குப் போனா இன்னும் மோசம், நம்ம ஊருலதான் இடைவேளைன்னு எழுத்து மட்டும் வரும், படம் நிக்காம ஓடும், முகம் கழுவிட்டு வரக்கூட வழியில்ல. வீட்டுல துண்டு துண்டா பாத்தா அடுத்த துண்டுக்கு வரப்ப முன்னாடி நடந்ததே மறந்து போவுது.

ஃபேன் ஃபிக்‌ஷன்ல அந்த வேலையே கிடையாது. ஆளுங்கள ஏற்கனவே தெரியும். பொன்னியின் செல்வன எடுத்துக்கிட்டா, வந்தியத்தேவன்னா வாயாடி, குந்தவைன்னா ஒரு படி மேல நின்னு யோசிக்கறவ, ஆழ்வார்க்கடியான் வந்தா சண்டை வரும், இதெல்லாம் யாரும் எனக்கு சொல்லத் தேவையில்ல. கதை தொடங்கின மொத வரியிலயே உள்ள போயி உக்காந்துடலாம். தெரிஞ்ச ஆளுங்க, தெரியாத சம்பவம். அலுத்த மூளைக்கு இதவிட சரியான அளவு வேற இல்லன்னுதான் நான் நினைக்கறேன், இதுக்குத்தான் புதுப்படத்த விட்டுட்டு இங்க வந்து விழறேன்.

அதுலயும் ஏஓ3 மத்த இடத்தவிட எதுல ஒசத்தின்னா ஃபில்டர். வலது பக்கம் (ஃபோன்ல தனியா ஒரு பட்டன்) ஒரு பெரிய பட்டியல் வரும், பாத்ததும் பயந்துடாதீங்க. எத்தனை வார்த்தையிலேர்ந்து எத்தனை வார்த்தை வரைக்கும்னு போடற பெட்டி ஒண்ணு இருக்கு, அதான் என் உயிர். நைட் ஷிப்ட்னா 3,000க்கு மேல வேணாம்னு போடுவேன், வீட்டுக்குப் போற வழில பினாங்குப் பாலம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சிடும். லீவு நாள்னா 50,000க்கு மேல. முடிஞ்ச கதை மட்டும் காட்டுன்னு ஒரு டிக் இருக்கு, அத மறக்காம போடுங்க, பாதில நிக்கற கதைய காலைல 7 மணிக்கு படிச்சிட்டு எப்படி தூங்கறது. கதைல என்ன இருக்குன்னு சொல்ற குறிச்சொல்லுதான் டேக், வேணாங்கற டேக்க தூக்கிடலாம். நான் மொத காரியமா முக்கிய ஆளு சாவற கதைங்கள தூக்கிடுவேன், அதுக்குன்னே ஒரு எச்சரிக்கை வகை வெச்சிருக்காங்க. ஒண்ணு கவனிங்க, எழுதறவங்க "எச்சரிக்கை போட விரும்பல"ன்னும் தேர்ந்தெடுக்கலாம், அப்படி இருந்தா உள்ள என்ன வேணா இருக்கும்னு அர்த்தம், அலுப்புல அந்தப் பக்கம் போவாதீங்க. ஃப்ளஃப் (மனசுக்கு இதமான லேசான கதை), ஹர்ட் கம்ஃபர்ட் (அடிபட்டவங்கள தேத்தற கதை), ஸ்லோ பர்ன்னு (மெதுவா மலர்ற காதல்) டேக் இருக்கும், மொத ரெண்டும் ஷிப்ட் நாளுக்கு, ஸ்லோ பர்ன் சம்பளம் வந்த வாரத்துக்கு.

இந்த டேக் விஷயத்துல இன்னொரு அருமையான வேலை நடக்குது, வெளிய தெரியாது. வந்தியத்தேவன் பேர இங்கிலீஷ் எழுத்துல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க, த-வுக்கு ஒருத்தர் ஒரு எழுத்து போட்டா இன்னொருத்தர் ரெண்டு போடுவாங்க. வாலண்டியருங்க கூட்டம் ஒண்ணு உக்காந்து இந்த மாதிரி ஒரே பொருளுள்ள டேக்குங்கள ஒண்ணா கட்டி விடுது, அதனால ஒண்ண அமுக்கினா எல்லாம் வரும். கூலியில்லாம இத செய்யறவங்க நம்ம கண்ணுல பட்டா டீ தாரிக் வாங்கிக் குடுக்கணும்.

படிக்கறப்ப எங்க லைன் அக்கா ஒருத்தங்க பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு, "என்னடி தனியா சிரிக்கிற, யாரு மெசேஜ்?"ன்னு கேட்டாங்க.

"யாருமில்லக்கா, வந்தியத்தேவன்."

"எந்த ஷிப்ட்டு அவன்?"

டவுன்லோட் வசதி தனியா பாராட்டணும். ஈபப், பிடிஎஃப்னு அஞ்சு வகைல இறக்கிக்கலாம், அக்கவுன்ட் கூட வேணாம். எனக்கு ப்ரீபெய்டு டேட்டா, கேன்டீன்ல லைன் ஒழுங்கா வராது, அதனால வீட்டு வைஃபைல இறக்கி வெச்சிக்கிட்டு கிளம்பறதுதான் வழக்கம். 2023 ஜூலைல யாரோ இந்தத் தளத்து மேல சைபர் தாக்குதல் நடத்தி ஒரு நாளுக்கு மேல ஆளுங்க உள்ள போவ முடியாம கிடந்தாங்க, அதுக்கப்புறம் இறக்கி வெக்கற பழக்கம் நிறைய பேருக்கு வந்துடுச்சு. கண்ணு கூசாம இருக்க, பக்கத்த கருப்பா மாத்தற ரிவர்சின்னு ஒரு ஸ்கின் இருக்கு, பஸ் லைட்ட அணைச்சப்புறம் அதான் சுகம். பாலத்துல நாங்க கரைப்பக்கம் இருக்கற பிறை ஊருக்குப் போற நேரத்துக்கு எதிர்ப்பக்கம் தீவுக்குள்ள வர்ற காடிங்க எல்லாம் ஜாம்ல நிக்கும், நம்ம பக்கம் காலியா இருக்கும், 13.5 கிலோமீட்டர் கடல்காத்தோட ஒரு கதை. நைட் ஷிப்ட்டுல கிடைக்கற ஒரே லாபம் இதுதான்.

பாட்ட நான் விட்டுடல. இங்க எழுதறவங்க பாட்டு வரிய தலைப்பா வெக்கறது ஒரு பெரிய வழக்கம், நிறைய பேரு கதைக்கு முன்னாடி குறிப்புல எந்தப் பாட்டு கேட்டுக்கிட்டு எழுதினேன்னு போடுவாங்க, சிலர் முழு பிளேலிஸ்ட்டே குடுப்பாங்க. அத போட்டுக்கிட்டு படிச்சா படம் பாக்கற மாதிரியே ஆயிடும், ரெண்டரை மணி நேரம் உக்காராமலே. ஆனா வார்த்தையுள்ள பாட்டு எனக்கு ஒத்து வராது, வைரமுத்துவும் கதையும் ஒரே நேரத்துல உள்ள போவ மாட்டேங்குது, அதனால வெறும் பின்னணி இசை மட்டும். எண்பதுகள்ல ராஜா போட்ட வயலினுக்கு எந்தக் காலத்துக் கதையும் பொருந்தும், சோழர் காலம் உட்பட.

சரி, எழுதற பக்கத்துக்கு வரேன். இங்கதான் அலுத்தவங்களுக்கு இது கொஞ்சம் கறாரான இடம். எழுதற பெட்டியில தானா சேமிக்கறது கிடையாது, நீங்களா டிராஃப்ட்ட சேவ் பண்ணணும், அந்த டிராஃப்ட்டும் ஒரு மாசம்தான் இருக்கும், போஸ்ட் பண்ணலன்னா அழிஞ்சிடும். ஓவர்டைம் வாரம் ரெண்டு சேந்து வந்தா ஒரு மாசம்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. அதனால அங்க போயி எழுதாதீங்க. ஃபோன் நோட்ஸ்ல எழுதி வெச்சிக்கிட்டு முடிஞ்சப்புறம் கொண்டு போயி ஒட்டுங்க, தமிழ் எழுத்து எந்தப் பிரச்னையும் இல்லாம ஒட்டிக்கும், தலைப்பு கூட தமிழ்லயே போடலாம், மொழிப் பட்டியல்ல தமிழ் இருக்கு.

நான் எழுதறது பூங்குழலி கதை. கல்கி அவள கடைசில சேந்தன் அமுதனுக்குக் கட்டி வெச்சு அரண்மனைக்குள்ள அனுப்பிட்டாரு, எனக்கு அது ஆறவே இல்ல, கோடிக்கரையில ராத்திரில தனியா படகு ஓட்டினவள அரண்மனைல உக்கார வெச்சா என்ன ஆவுறது. அதனால என் கதைல அவ படகு கடாரம் (இப்ப கெடா) பக்கம் வருது. கடாரம் நமக்கு தூரமா என்ன, பட்டர்வொர்த்லேர்ந்து வடக்க போனா சுங்கை பட்டாணி தாண்டி பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக்ல அந்தப் பழைய கோயில் அடித்தளம் இன்னும் இருக்கு. ராஜேந்திரன் படை வந்தது 1025 வாக்குல, கதைக் காலத்துக்கு ரொம்பப் பின்னாடி, அதெல்லாம் நான் சமாளிச்சிக்கறேன். ஒரு நாளைக்கு ஒரு பத்தி வந்தா பெரிசு. அலுப்புல எழுதினா நீட்டி முழக்க தெம்பு இல்லாததால வசனம் நல்லா சுருக்கமா வருதுன்னு வேற ஒரு சந்தேகம் எனக்கு.

இத அசிங்கம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். 1950லேர்ந்து 1954 வரைக்கும் தொடரா வந்த பொன்னியின் செல்வன் முடிஞ்சதும் வாசகருங்க அவன் என்ன ஆனான் இவ என்ன ஆனான்னு கேக்கறத விடல, கல்கியே முடிவுரை எழுதி பதில் சொல்ல வேண்டியதாச்சு. அப்புறம் விக்கிரமன் அந்த ஆளுங்களையே வெச்சு நந்திபுரத்து நாயகின்னு தொடர்ச்சியே எழுதினாரு. அவரு எழுதினா சரித்திர நாவல், நான் லாக்கர் ரூம்ல எழுதினா வெட்டி வேலையா?

குறைங்க இருக்கு. தமிழ்ல எழுதின கதைங்க ரொம்பக் கம்மி. 2022லயும் 2023லயும் படம் ரெண்டு பாகமா வந்தப்புறம் பொன்னியின் செல்வன் கதைங்க நிறைய சேந்துச்சு, ஆனா பெரும்பாலும் இங்கிலீஷ்ல, குந்தவை "ஓ மை காட்"ன்னு சொல்ற அளவுக்கு சிலது. தமிழ்லயே வேணும்னா கதைச் செயலிங்க பக்கம் போவணும், அங்க விளம்பரத்த சகிச்சிக்கணும். ஏஓ3க்குன்னு சொந்த ஆப் கிடையாது, பிரவுசர்லதான் படிக்கணும், ஆப் ஸ்டோர்ல அந்தப் பேர்ல எது கிடைச்சாலும் அவங்க போட்டது இல்ல. ஃபோன்ல பட்டன் எல்லாம் பொடிசு. நிஜ நடிகருங்கள வெச்சு எழுதற கதைங்களையும் அனுமதிக்கறாங்க, அது எனக்குப் பிடிக்கல, பாவம் அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு, நான் அந்த டேக்க தூக்கி வெச்சிருக்கேன். பெரியவங்களுக்கான கதைங்களுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கைப் பக்கம் மட்டும்தான் வரும், ஒரு கிளிக்ல தாண்டிடலாம், வீட்டுல சின்னப் பிள்ளைங்க கையில ஃபோன் இருந்தா பாத்துக்கோங்க.

காசு விஷயம்: இங்க கதைய விக்க முடியாது, டிப்ஸ் கேட்டு லிங்க் போடவும் விட மாட்டாங்க. சிலருக்கு அது வருத்தம், எனக்கு நிம்மதி. வேலைல கேபிஐன்னு டார்கெட் இருக்கு, இங்கயும் எதுக்கு. கூடோஸ்னு ஒரு பாராட்டு பட்டன், ஒரு ஆள் ஒரு கதைக்கு ஒரு வாட்டிதான் அமுக்க முடியும், வந்த கூடோஸ எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு மெயிலா அனுப்பும், டிங் டிங்னு நாள் பூரா அடிச்சிக்கிட்டு இருக்காது. பூங்குழலிக்கு வந்தது கொஞ்சம்தான், அதுல பாதிக்கு மேல பேர் போடாத விருந்தாளிங்க. எழுதினது பிடிக்காமப் போனா அழிக்காம உங்க பேர மட்டும் எடுத்துட்டு கதைய அங்கயே விட்டுடற வசதியும் இருக்கு, நான் இன்னும் அந்த அளவுக்குப் போவல.

சேரணும்னா ஒண்ணு, அக்கவுன்ட் உடனே கிடைக்காது, மெயில் குடுத்து வரிசைல நிக்கணும், அப்புறம்தான் அழைப்பு வரும். இன்னிக்கே குடுத்துடுங்க. அதுவரைக்கும் சும்மாவே படிக்கலாம், டவுன்லோட் பண்ணலாம், கூடோஸ் கூட போடலாம், சில கதைங்க மட்டும் அக்கவுன்ட் உள்ளவங்களுக்குன்னு பூட்டியிருக்கும். அப்புறமா படிக்கறேன்னு குறிச்சு வெக்கற பட்டனும் அக்கவுன்ட் இருந்தாதான் வேலை செய்யும், என் பட்டியல் இப்ப ரிட்டயர் ஆகற வரைக்கும் தாங்கும்.